நாடாவும் உப்புத்தாளும்

மாதம் ஒருமுறை ஏலவார்குழலி மெட்ராஸிலிருந்து தாய்வீட்டுக்கு வருவாள். அவளை ஏற்றி வரும் வண்டி, பிள்ளையார்பாளையத்தில் அவள் பிறந்த தெருவின் முனையோடு நின்றுவிடும். கருப்பு உடம்பும் மஞ்சள் தலையுமாக ஒரு பழைய ஃபியட் டாக்சி. ஓட்டி வருகிறவன் அவள் புருஷன் அர்ஜுனன். வேப்பமரத்தடியில் நிறுத்தி, அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, "மெதுவா பேசிட்டு வா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்பான். அவள் மட்டும் இறங்கித் தெருவுக்குள் நடப்பாள். பொழுது சாயும்வரை அவன் வண்டியிலேயே கிடப்பான்.

அவள் அப்பா சபாபதி சொன்ன சொல் அப்படி. "எம் பொண்ணு எப்ப வேணா வரலாம். அந்த ஆளு என் வாசப்படிய மிதிக்கக் கூடாது."

சபாபதி சாயப்பட்டறைக்காரர். அந்தத் தெருவில் ஓடும் தறிகளில் பாதிக்கு அவர் கைச் சாயம்தான். அர்ஜுனன் திருப்புட்குழியில் உழுது பிழைக்கும் குடும்பத்துப் பையன். அந்நாளில் ஒரு பட்டு முதலாளியின் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். சாயமேறிக் காய்ந்த நூலை எடுத்துப்போக வாரம் தவறாமல் பட்டறைக்கு வருவான். நூலை எண்ணிக் கொடுப்பது குழலியின் வேலை. எண்ணிக்கை அடிக்கடி தப்பிப்போனது. மறுபடி மறுபடி எண்ணினார்கள். இப்படி எண்ணி எண்ணியே இருவரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

ஆனால் சபாபதி தன் அக்கா மகனுக்குப் பெண் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். குழலி மெட்ராஸில் ரிஜிஸ்தர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்ட சேதி தெரிந்ததும் அக்கா வந்து தம்பி வீட்டு வாசலில் நின்றாள். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனாள். அவள் வாய்விட்டுத் திட்டியிருந்தால் சபாபதிக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்த வேதனையெல்லாம் சேர்ந்துதான் வாசப்படியைப் பற்றிய அந்தச் சொல்லாக வெளியே வந்தது. சொல்லிவிட்டார், அதிலிருந்து இறங்கும் வழி தெரியாமல் அதன்மேலேயே நின்றுகொண்டிருந்தார்.

குழலியின் அம்மா ஜெயம்மாள் வேறு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். மகள் வரும் நாளில் சோறும் குழம்பும் டிபன் கேரியரில் அடுக்கி, "ஷரீஃப் பாய்க்குக் குடுத்துட்டு வரேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தெருமுனைக்குப் போவாள். ஷரீஃப் அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். கேரியரை வாங்கி, வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். சபாபதி எதுவும் கேட்டதில்லை. ஒருநாள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "கொழம்புல இன்னிக்கு உப்பு கம்மி. பாய்க்குக் குடுக்கசொல்ல பாத்துப் போட்டுக் குடு" என்றார். ஜெயம்மாள் சமையலறைக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறிய வருஷம் அது. சவாரி குறைந்துபோனதால் வண்டிக்குச் செய்ய வேண்டிய சில்லறை வேலைகளை அர்ஜுனன் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை. வரும்போதே டிக்கியில் புது எஞ்சின் ஆயில் டின்னும், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கிய புது ஃபில்டரும் வைத்திருந்தான். எப்படியும் சாயங்காலம் வரை சும்மா கிடக்கப் போகிறோம், பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றிவிடலாம் என்பது அவன் கணக்கு.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, அம்மா மடியில் தலைவைத்துக் குழலி கண்ணயர்ந்த நேரத்தில், வாசலில் ஷரீஃபின் குரல் கேட்டது.

"குழலிம்மா! உன் ஊட்டுக்காரரு வண்டிக்கு அடியில யார்கூடயோ சண்ட போட்டுக்கினு இருக்காருமா. போய்ப் பாரு."

அவள் எழுந்து ஓடினாள். வண்டியின் முன்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது. அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் பழைய எண்ணெய்ச் சட்டி, அது நிறையக் கறுத்த ஆயில்.

"இன்னாங்க ஆச்சு?"

அர்ஜுனன் ஊர்ந்து வெளியே வந்தான். நெற்றியில் எண்ணெய், தாடையில் எண்ணெய். வலது உள்ளங்கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"ஃபில்டர் வரல குழலி. ஆயில வடிகட்டுதே, அந்தத் தகர டப்பா. மரையில திருகி ஏத்தினது. கையாலயே கழட்டலாம்னுவாங்க. இது மலையாட்டம் உக்காந்துகினு இருக்குது."

அவள் குனிந்து பார்த்தாள். எஞ்சினின் அடிப்பக்கம், புகைபோகும் குழாய்க்கும் சட்டத்துக்கும் நடுவில், ஒரு செம்பு அளவுக்குத் தகர டப்பா ஒன்று தலைகீழாகத் தொங்கியது. வழவழவென்று இருந்தது. பிடிக்க ஒரு விளிம்பு இல்லை, நட்டு இல்லை.

"இதுக்குன்னு ஒரு கருவி கிடையாதா?"

"இருக்குது. பட்டை போட்டுப் பிடிச்சுத் திருப்புறது. பெரிய ஷெட்டுல வெச்சிருப்பாங்க. ஞாயித்துக்கெழம எவன் தொறந்திருப்பான்?" அவன் கையை வேட்டியில் துடைத்தான். "நாளைக்கு விடிகாலையில ஒரு குடும்பத்தத் திருத்தணிக்கு ஏத்தறதா சொல்லியிருக்கேன். ஆயிலையும் எறக்கியாச்சு."

குழலி வீட்டுக்குத் திரும்பினாள். பட்டறையின் கூரை நிழலில், தன் நாடாக் கட்டிலில், சபாபதி கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவர் தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தூங்கினால் வாய் திறந்திருக்கும். அவள் அம்மாவிடம் சொல்வதுபோல உரக்கச் சொன்னாள்.

"அம்மா, வண்டியில ஒரு டப்பா இறுகிக்கினு வரமாட்டேங்குது. ஜாக்கி போட்டு அடியில படுத்துக்கினு இருக்காரு. பிடிச்சுத் திருப்ப ஏதாச்சும் இருக்குதா?"

ஜெயம்மாள் பதில் சொல்லுமுன் கட்டிலிலிருந்து குரல் வந்தது. கண் மூடியபடியே இருந்தது.

"வெறும் ஜாக்கிய நம்பியா ஒருத்தன் அடியில படுப்பான்? அது நழுவினா இன்னா ஆவும்? அண்டா அடியில வெக்கிற கட்டை ரெண்டு கெடக்குது பாரு. அத மொதல்ல எடுத்துக்கினு போவ சொல்லு."

குழலி அந்தக் கட்டைகளைத் தூக்கினாள். இலுப்பைக் கட்டைகள், வருஷக்கணக்கில் சாயம் சிந்திச் சிந்தி ஊதாவும் சிவப்புமாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு குழந்தை கனம். அவற்றை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தபோது அவளுக்குக் கண் ஏனோ கலங்கியது. அர்ஜுனனிடம் கொடுத்தபோது அவன் கட்டைகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"யார் குடுத்தது?"

"கட்டில் குடுத்துது" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. கட்டைகளை ஜாக்கியின் இருபுறமும் பத்திரமாகச் செருகி, தட்டிப் பார்த்தான்.

அடுத்த நடையில் கட்டில் ஒரு பைப் ரெஞ்ச் கொடுத்தது. பட்டறையில் தண்ணீர்க் குழாய்க்கு வைத்திருப்பது. ஆள் முழங்கை நீளம். அர்ஜுனன் அதை உள்ளே கொண்டுபோனான். வாய் டப்பாவைக் கவ்வியது. ஆனால் பிடியை அசைக்க அங்கே இடமில்லை. இந்தப் பக்கம் குழாய் இடித்தது, அந்தப் பக்கம் சட்டம் இடித்தது. இருந்த கொஞ்ச இடத்தில் அவன் ஒரு தம் பிடித்து இழுத்தபோது, டப்பா திரும்புவதற்குப் பதில் நசுங்கியது. சட்டென்று விட்டுவிட்டான்.

"அந்தப் பல்லு தகரத்தக் கடிக்குது. இது வேணாம் குழலி."

ஷரீஃப் தன் பங்குக்கு ஒரு பழைய சைக்கிள் செயினும் இரும்புக் கம்பியும் கொண்டுவந்தார். செயினை டப்பாவில் சுற்றி, கம்பியை நுழைத்து, ஒரு பிடி பிடித்தால் சுற்றிக்கொண்டு வந்துவிடும் என்றார். சுற்றிக்கொண்டுதான் வந்தது, செயின் மட்டும். எண்ணெய் பட்ட தகரத்தில் அது வழுக்கி, கோடு கோடாகக் கீறியது.

"அரே, இதுக்கு ஒரே வழி இருக்குதுப்பா" என்றார் ஷரீஃப், மண்டியிட்டு உள்ளே பார்த்தபடி. "பெரிய திருப்புளி ஒண்ண எடு. சுத்தியால ஒரே அடி. டப்பாவ இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடு. அதையே பிடியா வெச்சுத் திருப்பு. லாரிக்காரங்க அப்டித்தான் செய்றாங்க."

அர்ஜுனன் டப்பாவையே பார்த்தான். குழலிக்கு அவன் முகத்தைப் படிக்கத் தெரியும். அவன் பயந்துகொண்டிருந்தான்.

"குத்துனா திரும்பும் பாய். திரும்பலன்னா? மெலிசுத் தகரம். கிழிஞ்சுக்கினு மேல தட்டு மட்டும் ஒட்டிக்கினு நின்னா பிடிக்க ஒண்ணுமே இருக்காது. இப்ப வரைக்கும் டப்பா முழுசா இருக்குது. ஒண்ணும் முடியலன்னா புது ஆயில ஊத்தி, இதே டப்பாவோட மெதுவா ஊர் போய்ச் சேந்துடலாம். ஓட்டை போட்டுட்டேன்னா வண்டி இங்கதான்."

"அதுவும் சரிதான்" என்று ஷரீஃப் தாடியைச் சொறிந்துகொண்டார்.

குழலி மறுபடியும் வீட்டுக்கு நடந்தாள். திருப்புளியும் சுத்தியும் வேண்டும் என்று கேட்டாள். குத்தினால் என்ன, குத்தாவிட்டால் என்ன என்று அர்ஜுனன் சொன்னதையும் ஒன்றுவிடாமல் அம்மாவிடம் ஒப்பித்தாள். இந்தமுறை கட்டிலிலிருந்து குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். சபாபதி எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார்.

"குத்தக் கூடாது" என்றார். "அந்த ஆளு சொல்றது சரி."

தன் புருஷனைப் பற்றி அப்பாவின் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. குழலி அசையாமல் நின்றாள். அசைந்தால் கலைந்துவிடும்போல இருந்தது.

"டப்பா எம்மாம் பெருசு?"

அவள் இரண்டு கைகளையும் வளைத்துக் காட்டினாள்.

"வழுக்குது. நசுங்குது. கடிக்காம, வழுக்காம, சுத்தியும் ஒரே மாதிரி பிடிக்கணும்." அவர் தனக்குத்தானே பேசினார். கை தானாகவே காற்றில் எதையோ முறுக்கியது. சாயத்தில் முக்கிய பட்டு நூலைப் பிழிவதற்குச் சுவரில் முளை அடித்திருக்கும். ஈர நூல்கற்றையை முளையில் மாட்டி, மறுமுனையில் ஒரு கோலை நுழைத்து, திருகித் திருகிப் பிழிவார்கள். எத்தனை வழுக்கும் நூலும் அந்தத் திருகலுக்கு அடங்கிவிடும். குழலியும் சின்ன வயதிலிருந்து பிழிந்தவள்தான். அப்பாவின் கையைப் பார்த்ததும் அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நைனா, கயிறு வேணாம். உருண்டையா இருக்கும், ஒரு கோட்டுலதான் பிடிக்கும். பட்டையா இருக்கணும்."

"தோல் பெல்ட்டு?"

"எண்ணெயில வழுக்கும்."

இருவரும் ஒரே நேரத்தில் கட்டிலைப் பார்த்தார்கள். அகலமான பருத்தி நாடா, நெருக்கி நெய்தது, குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியது. போன தீபாவளிக்குத்தான் புதிதாகப் பின்னியிருந்தார். அதில் தன்னைத் தவிர வேறு யாரையும் உட்காரக்கூட விடமாட்டார்.

சபாபதி கீழே குனிந்து, கால்மாட்டில் முடிச்சைத் தேடினார். முடிச்சு அவிழவில்லை, இறுக்கிக் கட்டியது அவர்தானே. அரிவாள்மணையைக் கொண்டுவரச் சொல்லி, அறுத்தார். நாடாவை உருவ உருவக் கட்டிலின் ஒரு பக்கம் தொய்ந்து விழுந்தது. ஜெயம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் நின்றுவிடுவாரோ என்று பயம்.

பிழியும் கோல்களில் குட்டையான ஒன்றை எடுத்துக்கொண்டு, நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு, சபாபதி செருப்புப் போடாமல் தெருவில் இறங்கினார்.

அவர் வருவதைப் பார்த்த அர்ஜுனன் எழுந்து நின்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்தான், பிறகு எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். சபாபதி அவனைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தார். கட்டைகளைக் காலால் உதைத்து உறுதி பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகைத் தரையில் வைத்து, ஒரு பெருமூச்சோடு அடியில் நகர்ந்தார். அவர் வயசுக்கு அது சுலபமில்லை. அர்ஜுனன் சட்டென்று மறுபுறமாக உள்ளே போய்ப் படுத்தான்.

குழலிக்கு இப்போது தெரிந்ததெல்லாம் நான்கு பாதங்கள். ஒரு ஜோடி, புழுதி படிந்த டிரைவர் பாதங்கள். இன்னொரு ஜோடி, அரக்குச் சிவப்பு ஏறி நகக்கண்ணெல்லாம் சிவந்திருந்த அப்பாவின் பாதங்கள். பேச்சு மட்டும் அடியிலிருந்து வந்தது.

"யார்யா இத இம்மாம் இறுக்கனது?" அப்பாவின் குரல்.

"நான்தான்."

"கையால மாட்டறத இப்டியா முறுக்குவாங்க?"

"ஒழுகிடப் போவுதுன்னு பயம். வாங்கின புதுசுல... சொந்த வண்டின்னு இது ஒண்ணுதான். நடுரோட்டுல ஆயில் ஒழுகி நின்னுட்டா இன்னா பண்றதுன்னு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு..."

அப்பா நாடாவைச் சுற்றும் சத்தம் கேட்டது.

முதல் இழுப்பில் நாடா நழுவியது. ஜெயம்மாள் அடுப்புச் சாம்பலை முறத்தில் அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். டப்பாவின் எண்ணெய்ப் பிசுக்கைச் சாம்பல் தேய்த்து எடுத்தார்கள். மறுபடி சுற்றினார்கள். பிடித்தது, திரும்பும்போல இருந்தது, மறுபடி நழுவியது.

"நடுவுல கரடா ஏதாச்சும் வேணும்" என்றார் சபாபதி.

"உப்புத்தாள் இருக்குது" என்றான் அர்ஜுனன். "பிளக்கு தேய்க்க வெச்சிருக்கேன். சொரசொரப்பு டப்பா பக்கம் இருக்கட்டும். மேல நாடா."

"அதான்! அதக் கொண்டா."

குழலி டேஷ்போர்டிலிருந்து உப்புத்தாளை எடுத்து, குனிந்து நீட்டினாள். அவள் கையிலிருந்து அதை வாங்கியது எந்தக் கை என்று தெரியவில்லை. இரண்டும் இப்போது ஒரே நிறமாக இருந்தன.

தாளைச் சுற்றி, அதன்மேல் நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனிகளைக் கோலில் முடிந்தார்கள். சபாபதி கோலைப் பிடித்து மூச்சை இழுத்தார். வண்டி லேசாகக் குலுங்கியது.

"மாமா, மாமா! அந்தப் பக்கம் இல்ல!" அர்ஜுனன் பதறினான். "அது இறுக்குற பக்கம். இந்தப் பக்கம் வாங்க."

தெருவே கேட்கும்படி அவன் மாமா என்று கூப்பிட்டுவிட்டான். கூப்பிட்டது அவனுக்கே பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். அடியில் சத்தம் நின்றுபோனது. ஷரீஃப் தலையைத் திருப்பிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தார். குழலி தன் தாலிச்சரட்டைப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்துச் சபாபதியின் குரல் வந்தது.

"கைப்பழக்கம். காலம்பூரா இந்தப் பக்கமா முறுக்கியே பழகிட்டேன். எனக்கு முறுக்கத்தான் தெரியும். அவுக்கத் தெரியாது."

"எனக்கும்தான் மாமா" என்றான் அர்ஜுனன், மெதுவாக.

அதற்குப் பிறகு அவர்கள் பேசியது குழலிக்குச் சரியாகக் கேட்கவில்லை. அப்பா ஏதோ கேட்டார். அவன் ஏதோ சொன்னான். "கஷ்டப்படுத்தலயே அவள?" என்று அப்பா கேட்டதுபோல ஒரு துண்டு காதில் விழுந்தது. அதற்கு அவன் என்ன சொன்னான் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது. பிற்பாடு எத்தனை தடவை கேட்டும் அவன் சொன்னதில்லை.

"சரி. நீங்க அந்த முனையப் பிடிங்க. நான் இந்த முனை. நான் சொல்லசொல்ல இழுக்கணும்."

அப்பா அவனை நீங்க என்றார். ஜெயம்மாள் மகளின் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"இழுங்க!"

நாடா முறுகும் சத்தம் கேட்டது. பட்டு பிழியும்போது வரும் அதே சத்தம், கொஞ்சம் கனமாக. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு 'க்ரக்' என்று எதுவோ விட்டுக்கொடுத்தது. அடுத்த நொடி, டப்பாவுக்குள் மிச்சமிருந்த ஆயில் மொத்தமும் கொட்டியிருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

வெளியே வந்தபோது சபாபதியின் மீசையிலிருந்து ஆயில் சொட்டியது. அர்ஜுனனின் காதில் நிறைந்திருந்தது. கையில் நசுங்கிய டப்பாவோடு சபாபதி எழுந்து உட்கார்ந்து, மகளைப் பார்த்து, பல் தெரியச் சிரித்தார். குழலி அந்தச் சிரிப்பைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

புது ஃபில்டரை மாட்ட வேண்டும். அர்ஜுனன் அதன் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவினான். "கையால திருப்பி, ஒட்டினதும் ஒரு கால் சுத்து. அவ்ளோதான். கடைக்காரன் சொன்னது" என்றான். இருவரும் உள்ளே படுத்தார்கள். குழலி காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றாள்.

"ஒட்டிடுச்சு. கால் சுத்து ஆச்சு."

"இன்னும் ஒரு இழை வெச்சா இன்னா?"

"நானும் அதான் நெனச்சேன் மாமா. ஒழுகிடுச்சுன்னா..."

"ரெண்டு பேரும் கைய எடுங்க!" என்று குழலி போட்ட சத்தத்தில் தெருநாய் எழுந்து ஓடியது. "வெளிய வாங்க. நான் பாக்கறேன்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் உள்ளே போனாள். அடியில் எண்ணெயும் புழுதியும் சாம்பலும் கலந்த வாசனை. டப்பாவைப் பிடித்து லேசாகத் திருப்பிப் பார்த்தாள். அவர்கள் ஏற்கெனவே போதுமான அளவுக்கு மேலேயே இறுக்கியிருந்தார்கள். அவள் ஒரு சின்னச் சுற்றுத் திரும்ப அவிழ்த்து, மறுபடி சரியாக வைத்து, கையை எடுத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

புது ஆயில் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை.

அர்ஜுனன் ஷரீஃப் கடைக் குடத்தை நோக்கிக் கை கழுவப் போனான். சபாபதி முதுகைக் காட்டிக்கொண்டு, நாடாவைச் சுருட்டியபடியே பேசினார்.

"தெருவுல ஆயில் கையக் கழுவுனா மண்ணு பாழாவும். பட்டறையில தொட்டி இருக்குது. அங்க வந்துதான் கழுவணும்."

அவர் முன்னால் நடந்தார். அர்ஜுனன் பின்னால் போனான். வாசலில் ஒரு நொடி தயங்கினான், உள்ளேயிருந்து, "சவுக்காரம் எங்கடி வெச்ச?" என்று ஜெயம்மாளை அதட்டும் குரல் கேட்டது. அவன் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனான்.

தொட்டிக் குழாயை ஜெயம்மாள் திறக்கப் பார்த்தாள், வரவில்லை. "இவரு மூடினா யாராலும் தொறக்க முடியாது. தெனம் இதே பாடு" என்று சலித்துக்கொண்டாள். அர்ஜுனன் திறந்தான். கை, முகம், காது எல்லாம் கழுவிக்கொண்டு, பழக்கதோஷத்தில் குழாயை மூடினான். அடுத்துக் கழுவ வந்த குழலியால் அதைத் திறக்க முடியவில்லை.

"ஐயோ, இவரும் அப்டியா!" என்று ஜெயம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க, சபாபதி மருமகனை முதன்முதலாக நேராகப் பார்த்தார். கொஞ்சம் சங்கடமும், அதைவிட அதிகமாகப் பிரியமும் அந்தப் பார்வையில் இருந்தன.

வெங்காய வடகம் தாளித்த காராமணிக் குழம்பு மிச்சமிருந்தது. மாமனாரும் மருமகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேச்சு அதிகம் இல்லை. பெட்ரோல் விலையைப் பற்றிக் கொஞ்சம், மழை இல்லாததைப் பற்றிக் கொஞ்சம். அக்காவைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை வந்தது. "அவளாண்ட நான் பேசிக்கிறேன். நாளாவும்" என்றார் சபாபதி. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

கை கழுவியதும் அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

"வண்டிய ஓட்டிப் பாக்காம எப்டி ராத்திரி மெட்ராஸ் வரைக்கும் அனுப்பறது? திருப்பருத்திக்குன்றம் கோயில் வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வரலாம். ஜெயா, நீயும் வா."

அவர் முன்னால் உட்கார்ந்தார். குழலியும் அம்மாவும் பின்னால். வேகவதி ஆற்றைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றம் போகும் சாலையில் வண்டி நிதானமாகப் போனது. ஆற்றில் தண்ணீர் ஓர் ஓரமாகத்தான் இருந்தது. யாரோ சாயம்போட்ட நூலை அலசிக்கொண்டிருந்தார்கள். ஜெயம்மாள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். தெரிந்த முகம் ஏதாவது வருமா என்று வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

கொஞ்சதூரம் போனதும், "ஒரு நிமிசம் நிறுத்துங்க" என்றார் சபாபதி.

இருவரும் இறங்கி, மண்டியிட்டு, அடியில் எட்டிப் பார்த்தார்கள். சொட்டவில்லை. ஏறிக்கொண்டார்கள். சமணக் கோயில் கோபுரம் கண்ணில் படும் வளைவில் அர்ஜுனனே நிறுத்தினான்.

"எதுக்கும் ஒருக்கா பாத்துடலாம் மாமா."

"அதான் நானும் சொல்ல வந்தேன்."

மறுபடி இறங்கினார்கள். இரண்டு முதுகுகள் பக்கத்தில் பக்கத்தில் சாலையோரத்தில் குனிந்திருந்தன. ஒருவர் ஏதோ விரல் நீட்டிக் காட்ட, மற்றவர் தலையாட்டினார். பிறகு இருவரும் அங்கேயே புழுதியில் குந்திக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"இப்டி நின்னு நின்னு போனா எப்படி கோயிலப் பாக்கறது, எப்ப ஊடு திரும்பறது?" என்றாள் ஜெயம்மாள்.

குழலி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். "பேசட்டும்மா" என்றாள். "நமக்கு ஒண்ணும் அவசரமில்ல."